முகராசிக்காரி

வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று என் மகள் வெண்ணிலாவைப் பற்றி நானே ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிந்தவள்தான். அந்த வாயில் பொன்னேரி பல் டாக்டர் விரலை வைத்தார். வெடுக்கென்று கடித்துவிட்டாள். கடித்தது போதாதென்று காலால் எட்டி உதைத்து, ஊசியும் குறடும் வைத்திருந்த தட்டைக் கீழே தள்ளினாள். அந்தச் சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அழ ஆரம்பித்தன. எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

ஏழு வயதுதான் அவளுக்கு. வலது பக்கம் கீழே கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஈறு வீங்கிச் சீழ் வைத்திருந்தது. கன்னம் பன்னு மாதிரி உப்பியிருந்தது. எங்கள் ஊர் பசியாவரத்திலிருந்து பழவேற்காடு வந்து, அங்கே பஸ் பிடித்து, இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை ஹரிஷையும் தூக்கிக்கொண்டு போனவள் நான். போன காரியம் ஆகவில்லை, பிள்ளை டாக்டரைக் கடித்ததுதான் மிச்சம்.

டாக்டர் பெயர் ஜெஸ்ஸி. சின்ன வயசு. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். விரலைக் கழுவிக்கொண்டு வந்து, "இவ ராத்திரியில நல்லா தூங்குவாளா?" என்று கேட்டார்.

பல்லைக் காட்ட வந்தால் தூக்கத்தை விசாரிக்கிறாரே இந்தம்மா என்றிருந்தது எனக்கு. "எங்க டாக்டரம்மா தூங்குறது? சின்னவன் ராத்திரி பூரா அழுவுறான். அவன் அழுதா இவளும் எழுந்து குந்திக்கிறா" என்றேன்.

"அதான். தூக்கம் கெட்ட புள்ளைக்கு எல்லாமே பெருசா தெரியும். சின்ன வலியும் தாங்காது, பயமும் ஜாஸ்தியா இருக்கும், சொன்னா கேட்டுக்கற பொறுமையே இருக்காது. இவ அடம் புடிக்கலைம்மா. அசந்து போயிருக்கா."

வீக்கம் வடிய மருந்து எழுதிக் கொடுத்தார். பத்து நாள் கழித்துக் காலையில் முதல் ஆளாக அழைத்து வரச் சொன்னார். அந்தப் பத்து நாளும் எட்டு மணிக்கெல்லாம் படுக்கவைக்க வேண்டும், போன் கையில் கொடுக்கக் கூடாது, நடுவில் யாரும் எழுப்பக் கூடாது. எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும்.

"அப்பவும் உக்காரலைன்னா?" என்று கேட்டேன்.

"சென்னைக்குப் போய் மயக்கம் குடுத்துதான் எடுக்கணும். சீழ் வேற இருக்கு, ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது."

மயக்கம் என்ற வார்த்தையைக் கேட்டதும் வெண்ணிலாவை இழுத்து அணைத்துக்கொண்டேன். ஒரு பல்லுக்காக என் பிள்ளையை மயக்கம் போட்டுப் படுக்கவைப்பதா? தூங்கினால் போதும் என்கிறார்களே, தூங்கவைக்க எனக்குத் தெரியாதா? பத்து நாளில் தூங்கவைத்துக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அன்றைக்கே என் வீட்டுக்காரர் வடிவேலுவை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவரும் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "சின்னவன் உங்கூட உள்ரூம்புல படுக்கட்டும். வெண்ணிலா முன்ரூம்புல எம்பக்கத்துல படுக்கட்டும். கதவ சாத்திக்கோ பானு, அப்பதான் இவன் அழுவுற சத்தம் அவளுக்குக் கேக்காது" என்றார். அடடா, இந்த மனுஷனுக்குத்தான் பிள்ளைமேல் எத்தனை அக்கறை என்று நான் உருகிப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பழவேற்காடு ஏரியில் வலை போட எங்கள் ஊர் மீனவர்களுக்குள் ஒரு முறை உண்டு. நல்ல இடத்துக்கு எல்லாரும் ஒரே நாளில் போய் அடித்துக்கொள்ளாமல் இருக்க, சீட்டு எடுத்து நாள் பிரித்துக்கொள்வோம். அதைப் பாடு என்போம். அந்தச் சமயம் பார்த்து வடிவேலு, தருமன், இன்னும் இரண்டு பேர் சேர்ந்த கும்பலுக்கு நல்ல இடத்தில் பாடு விழுந்திருந்தது. விடிவதற்கு நெடுநேரம் முன்பே கிளம்பிவிடுவார்கள். நானோ ஹரிஷுக்குப் பால் கொடுத்துப் பால் கொடுத்து ஒரு மணிக்குமேல் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறவள். இடி விழுந்தாலும் தெரியாது.

தினமும் எட்டு மணிக்கு டிவியை அணைத்துவிட்டு வெண்ணிலாவைப் படுக்கவைத்தேன். போனை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். காலையில் ஆறரைக்கு நான் கதவைத் திறக்கும்போது நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் ஸ்கூல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் "இரவு எட்டு, காலை ஆறரை" என்று எழுதுவேன். வடிவேலு திரும்பி வந்ததும் கேட்பேன், "நீ போறப்ப முழிச்சாளா?"

"நான் பூனை மாதிரிதானே போறேன். புள்ள அசையவே இல்ல."

"நெஜமா?"

"அவ மேல சத்தியமா பானு."

பிள்ளைமேல் சத்தியம். அதுவும் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை செய்தார்.

ஆனால் பத்தரை மணி நேரம் தூங்குகிற பிள்ளை மாதிரியா இருந்தாள் அவள்? தொட்டதற்கெல்லாம் அழுகை. இட்லி உடைந்திருந்தால் அழுகை, ரிப்பன் நழுவினால் அழுகை. வகுப்பில் பெஞ்சிலேயே சாய்ந்து தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். நான் வடிவேலுவிடம் கேட்டேன். "மருந்து சூடு. அப்படித்தான் இருக்கும்" என்றார். படித்த டாக்டர் கொடுத்த மருந்தின்மேல் பழியைப் போட்டார், நானும் நம்பி இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

இன்னொன்றும் நடந்தது. அந்தப் பத்து நாளும் எங்கள் கும்பலின் வலையில் எறா, அதான் இறால், அள்ளியது. இரண்டு வருஷமாக அப்படிப் பார்த்ததில்லை. தருமன் பெண்சாதி தெய்வநாயகி என்னை எங்கே பார்த்தாலும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து வெண்ணிலாவின் கையில் சாக்லேட்டைத் திணித்தாள். "என் தங்கமே, முகராசிக்காரி" என்று நெட்டி முறித்தாள். சொத்தைப் பல்லுக்குச் சாக்லேட்டா என்று அதற்குத்தான் கோபப்பட்டேனே தவிர, இவளுக்கு என்ன திடீர்ப் பாசம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் முடிந்து, முதல் ஆளாக டாக்டர் ரூமில் நின்றோம். நோட்டை நீட்டினேன். ஜெஸ்ஸி டாக்டர் படித்துவிட்டு, "சூப்பர்ம்மா, சொன்னபடியே செஞ்சிருக்கீங்க" என்றார். எனக்குப் பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

வெண்ணிலாவை நாற்காலியில் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். விளக்கை இழுத்து வைத்து, டாக்டர் கை உறை மாட்டிக்கொண்டு திரும்புவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். காலை ஒன்பதரை மணிக்கு, அந்த வெளிச்சத்தில், வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள். டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து அவள் கன்னத்தைத் தட்டி, "பாப்பா, எழுந்திரு" என்றார்.

கண்ணைத் திறக்காமலே என் பிள்ளை பேசினாள். "வரேன் நைனா. வலைய தொட்டுட்டு வந்துடுறேன். அம்மாக்கு சொல்லல."

அப்பாவைத்தான் அவள் நைனா என்பாள், ஆனாலும் எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. டாக்டர் மறுபடி தட்டியதும் திடுக்கிட்டு விழித்தாள். விளக்கைப் பார்த்து வீறிட்டாள். நர்ஸ் கையைப் பிறாண்டினாள், எழுந்து ஓடப் பார்த்தாள், நான் பிடித்ததும் என் தோளில் முட்டி முட்டி அழுதாள். ஊசி வாயருகே போகவே விடவில்லை.

டாக்டர் உறையைக் கழற்றிப் போட்டார். நோட்டைக் கையில் எடுத்தார். "இதுல நீங்க எழுதினது உண்மையா?"

"சத்தியமா டாக்டரம்மா. நான் கண்ணால பாத்துதான் எழுதினேன்."

"இந்தப் புள்ள பத்து நாளா சரியா தூங்கல. இவளைப் பார்த்தாலே தெரியுது. என்னை ஏமாத்தி உங்களுக்கு என்னம்மா ஆகப்போகுது?"

ஊரில் யாரும் என்னைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை. வெண்ணிலாவை மடியில் போட்டுக்கொண்டு, "யாரு உன்னை எழுப்பினது? அம்மா அடிக்கமாட்டேன், சொல்லு" என்றேன். விசும்பிக்கொண்டே சொன்னாள்.

முன்ரூமில் படுத்த முதல் நாள் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறாள். வாசலில் வடிவேலு கிளம்பிக்கொண்டிருந்தார். எதிரே இவள் நின்றாள். அன்றைக்குத்தான் எறா குவிந்தது. அவ்வளவுதான், இவள் முகத்தில் விழித்துப் போனால் ராசி என்று நாலு ஆம்பிளைகளும் முடிவு கட்டிவிட்டார்கள். மறுநாளிலிருந்து தூங்குகிற பிள்ளையை உலுக்கி எழுப்பி, கரைவரை நடத்திக் கூட்டிப்போய், வலையைத் தொடச் சொல்லி, படகு கிளம்பும்வரை எதிரே நிற்கவைத்திருக்கிறார்கள். தெய்வநாயகி ஓரமாக நின்று, படகு போனதும் திரும்பக் கூட்டிவந்து படுக்கவைப்பாளாம். என்னை மாதிரி பெரிய பொம்பளை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று முகத்தைச் சுளிப்பவர்களுக்கு, பல்வலிக்காரப் பிள்ளையைக் குளிரில் நிறுத்தினால் மட்டும் சகுனம் நன்றாக இருக்கிறது.

"அப்புறம் வந்து தூங்குனியா?"

"தூக்கம் வரல. பல்லு வலிச்சிச்சி. காக்கா கத்தறப்பதான் வந்துச்சி."

"ஏன்டி அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா எறா எல்லாம் போய்டும்னு நைனா சொல்லிச்சி" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இப்ப சொல்லிட்டேனே, போய்டுமா?" என்று கேட்டாள்.

டாக்டர் நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மருந்தை மாற்றி எழுதி, "அஞ்சு நாள் கழிச்சு வாங்க. அதுக்குமேல நான் காத்திருக்க மாட்டேன், சென்னைக்கு எழுதிடுவேன்" என்றார்.

வடிவேலுவை அவர், இவர் என்று இதுவரை மரியாதை கொடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். இனி அது எனக்கு வராது. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அவன் சொன்னதே காதில் கேட்டது. கதவைச் சாத்திக்கோ பானு. எத்தனை அழகாகச் சொன்னான். என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான் பாவி.

கரையில் நாலு பேரும் வலை உதறிக்கொண்டிருந்தார்கள். தெய்வநாயகி கூடையோடு நின்றாள். நான் ஹரிஷை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகப் போய் நின்றேன்.

"யோவ், புள்ள மேல எத்தினி தபா சத்தியம் பண்ண?"

வடிவேலு வெண்ணிலாவைப் பார்த்தான். அவள் என் பின்னால் ஒளிந்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அரை மணி நேரம்தான் பானு. அதுக்கு இன்னாத்துக்கு இப்ப ஊரக் கூட்டுற?"

"அரை மணி நேரமா? அவளுக்கு அந்த ராத்திரியே போச்சுய்யா. டாக்டரம்மா என்னைப் பொய்க்காரின்னு சொல்லிடுச்சி. தலை குனிஞ்சி நின்னேன் நானு."

"உங்கிட்ட சொன்னா நீ உட்ருப்பியா? அதான் சொல்லல."

பார்த்தீர்களா, விடமாட்டேன் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறான். தெரியாமல் செய்தான், ஏதோ ஆசையில் செய்தான் என்று மனசைத் தேற்றிக்கொள்ளக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை.

தருமன் நடுவில் புகுந்தான். "அண்ணி, பேஜாரு பண்ணாதீங்க. இன்னும் ஆறு நாள்தான் நம்ம பாடு. அது முடியட்டும், பல்லு எங்க ஓடிடப்போவுது?"

"உம்புள்ளைய எழுப்பி நிறுத்தறதுதானே?" என்று தெய்வநாயகியைப் பார்த்துக் கேட்டேன்.

"எம்புள்ளைக்கு அந்த ராசி இல்லியே பானு" என்றாள் அவள். கூசாமல் சொன்னாள். தினமும் என் வீட்டுக்குள்ளேயே வந்து, என் பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு, விடிந்ததும் என்னிடமே தீப்பெட்டி கேட்டு வந்தவள். நாலு வீட்டுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. நான்தான் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்த கேணச்சிறுக்கி.

அன்று மாலையே இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எளாவூரில் என் தம்பி மனோஜ் வீட்டுக்குப் போய்விட்டேன். வடிவேலு பழவேற்காடு வரைக்கும் பின்னாலேயே வந்தான். "வெண்ணிலாவ மட்டுமாவது உட்டுட்டுப் போ" என்றான். பஸ் கிளம்பியது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் இறங்கியிருப்பேனோ என்னவோ. அவன் கேட்கவில்லை.

மனோஜும் அவன் பெண்டாட்டியும் ஹரிஷைத் தங்களோடு படுக்கவைத்துக்கொண்டார்கள். நான் வெண்ணிலாவைக் கட்டிக்கொண்டு படுத்தேன். முதல் இரண்டு நாளும் தானாகவே பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, "நைனா கௌம்பிடுச்சா?" என்று கேட்டாள். தட்டித் தட்டித் தூங்கவைத்தேன். மூன்றாம் நாள் எழவில்லை. நான்காம் நாள் ஏழரை மணிவரை தூங்கினாள். எழுந்ததும் இட்லி கேட்டாள். உடைந்த இட்லியைச் சத்தமில்லாமல் தின்றாள். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

ஐந்தாம் நாள் காலை பொன்னேரி. ஹரிஷை மனோஜ் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். வெண்ணிலா நாற்காலியில் ஏறிப் படுத்தாள். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். "கொசு கடிக்கிற மாதிரி இருக்கும், அப்புறம் மரத்துப் போகும்" என்று டாக்டர் சொன்னதற்கு, "எத்தினி கொசு?" என்று கேட்டாள். ஊசி போடும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் வாயை மூடவில்லை. குறடு போனது, பல் வந்தது. அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு பட்டோம்?

"இதே புள்ளைதானா?" என்றார் ஜெஸ்ஸி டாக்டர். பிறகு என் கையைப் பிடித்து, "அன்னைக்கி உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அந்நியப் பொம்பளை, அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். வெண்ணிலா பஞ்சைக் கடித்துக்கொண்டு கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. வடிவேலு. ஐந்து நாளில் முதல் போன். இன்றைக்குப் பல் பிடுங்கும் நாள் என்று மனோஜ் அவனுக்குச் சொல்லியிருந்தான். அதைக் கேட்கத்தான் அடிக்கிறான் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எங்க கீற?" என்றான். அவன் குரல் எப்போதும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பேசுகிற குரல். பக்கத்தில் இருப்பவருக்கெல்லாம் கேட்கும். "அஞ்சு நாளா ஒரு கூடை எறா இல்ல பானு. நாளைக்கித்தான் கடைசிப் பாடு. புள்ளகிட்ட குடு, நான் பேசறேன்."

வெண்ணிலாவின் கால் ஆடுவது நின்றுவிட்டது. அவள் முகம் சின்னதாகிப் போனதைப் பார்த்தேன். தான் சொல்லிவிட்டதால்தான் எறா போய்விட்டது என்று அவள் நினைப்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

"தூங்குறா" என்றேன் போனில். அவளைப் பார்த்து, கண்ணை மூடிக்கொள் என்று கையைக் காட்டினேன்.

உடனே மூடிக்கொண்டாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவனுக்காக எப்படி வாயை மூடிக்கொண்டாளோ, அதே மாதிரி எனக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவன் செய்ததைத்தானே நானும் இப்போது செய்கிறேன்?

"இல்லய்யா, தூங்கல. முழிச்சிக்கினுதான் கீறா. நீ பேசறது எல்லாம் கேட்டுக்கினு கீறா" என்றேன். "இன்னைக்கி அவளுக்கு இன்னா நாளுன்னு உனக்குத் தெரியும். அத ஒரு வார்த்த கேளு. அப்புறம் போன அவகிட்ட குடுக்கறேன்."

அந்தப் பக்கம் கரையில் யாரோ பேசுவது கேட்டது. தருமன் குரலாக இருக்கலாம். வெண்ணிலா கண்ணைத் திறந்து, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனைக் காதிலிருந்து எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்தேன். கேட்டுவிடு மனுஷா, கேட்டுவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடுவீங்கதானே?" என்றான் வடிவேலு.

நான் போனை அணைத்துவிட்டேன். எளாவூர் போகிற பஸ் வந்து நின்றது. அவளைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஜன்னல் ஓரம் உட்காரவைத்தேன். வாயில் பஞ்சு இருந்ததால் அவளுக்குப் பேச்சு குழறியது. இருந்தாலும் எனக்குப் புரிந்தது.

"நைனா என் பல்லக் கேக்கலியாம்மா?"

அவளுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

"இல்லடி கண்ணு. கேக்கல" என்றேன்.